செய்தியைக் கேட்கக் கற்றுக்கொடுப்போம்

(வட்டார அளவில் நடந்த தமிழாசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என மொழித்திறன்கள் நான்கு என்று பி.எட். வகுப்பில் படித்தோம். வரிசையில் முதலில் நிற்பது கேட்டல். ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அதற்கென ஒரு வினாகூட இல்லை. அதனால் நம் பாடவேளையிலும் அதற்கு இடம் குறைந்துவிட்டது. தூத்துக்குடிக் கடலோரத்தில் பாடம் நடத்தும் நமக்கு இது மொழிப்பாடத்தின் குறை மட்டுமல்ல. காதில் விழுந்த செய்தியைச் சரியாகப் புரிந்துகொள்வது இங்கே உயிரோடு தொடர்புடையது. அதைப் பழக்குவதற்கு நம்மிடம் இருக்கும் எளிய துணைக்கருவி வானொலி.

வானொலி நம் ஊருக்குப் புதியதல்ல. கொழும்பில் 1925 டிசம்பரில் ஒலிபரப்பு தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலி என்று பெயர் பெற்ற அந்த நிலையத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் பெற்றோர். 1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. சென்னை, திருச்சி செய்திப் பிரிவுகளின் மாநிலச் செய்திகளும், உழவர்களுக்கான நிகழ்ச்சிகளும், வானிலை அறிவிப்புகளும் நம் வட்டாரத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. 2016-ல் பாம்பனில் மீனவர்களுக்காகவே ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி 90.4 பண்பலையில் தொடங்கப்பட்டது. கடற்கரை மக்களின் பேச்சிலேயே கடலைப் பற்றிப் பேசும் நிலையம் அது.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். நான் எட்டாம் வகுப்பில் வாரம் ஒருநாள் பத்து நிமிடம் ஒதுக்குகிறேன். வானொலியில் வரும் வானிலைச் செய்தியை ஒருமுறை மட்டும் ஒலிக்கவிடுவேன். மாணவர்கள் மூன்று விவரங்களைக் குறிக்க வேண்டும். சொன்னது யார்? எந்தப் பகுதிக்கு? எப்போது வரை?

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். செய்து பாருங்கள், கடினம் புரியும். காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும் என்று ஓர் அறிவிப்பு வந்தால், பலர் 45 என்பதை மட்டும் எழுதியிருப்பார்கள். படகைப் புரட்டுவது அந்த ‘இடையிடையே’ என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் வேகம். ‘மன்னார் வளைகுடா’ என்பதும் ‘குமரிக்கடல்’ என்பதும் வேறு வேறு பகுதிகள் என்று வரைபடத்தில் தொட்டுக் காட்டிய பிறகே பிள்ளைகளுக்கு அறிவிப்பின் பொருள் முழுமையாகிறது.

அடுத்தது சொற்பயிற்சி. வானொலி ‘வடக்குத் திசைக் காற்று’ என்கிறது. வீட்டில் தாத்தா ‘வாடை’ என்கிறார். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கச்சான், தெற்கிலிருந்து வந்தால் சோழகம். செய்தித் தமிழை வீட்டுத் தமிழாக மாற்றிச் சொல்லச் சொன்னால், தேர்வில் பின்தங்கும் மீனவப் பிள்ளைகள் முதலில் கையை உயர்த்துகிறார்கள். தங்கள் வீட்டுப் பேச்சுக்கு வகுப்பில் மதிப்பு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்த பாடத்தையும் கவனிக்கிறது.

மூன்றாவது, எச்சரிக்கைக் கூண்டு. ‘துறைமுகத்தில் 3-ம் எண் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது’ என்று அடிக்கடி கேட்கிறோம். பெரிய துறைமுகங்களில் இந்த எண்கள் 1 முதல் 11 வரை உண்டு. 1, 2 என்றால் ஆபத்து தொலைவில் கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை நெருங்குகிறது. 5 முதல் 7 வரை புயல் அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். பகலில் கூம்பு, உருளை வடிவங்களாலும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாலும் காட்டுவார்கள். 11 என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். செய்தி வராமல் போவதும் உச்சகட்ட எச்சரிக்கைதான் என்பதை இதைவிட அழுத்தமாக எந்தப் பாடநூலும் சொல்லாது.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் குமரி முனை அருகே கடந்ததை நாம் மறக்கவில்லை. நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்க ஆழ்கடலுக்கு முன்பே போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. எத்தனையோ குடும்பங்களில் தந்தை திரும்பவில்லை. கரையில் இருப்பவர் காலையில் கேட்ட செய்தியைத் தெளிவாகக் கேட்டு, கிளம்பும் முன்பே சொல்ல வேண்டும் என்பதை அந்த நாள்கள் நமக்கு உணர்த்தின. இன்று படகுகளில் வயர்லெஸ், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் எல்லாம் வந்துள்ளன. கருவி எதுவானாலும் செய்தியைப் புரிந்துகொள்ள வேண்டியவர் மனிதர்தான்.

‘கைப்பேசி இருக்கும்போது வானொலி எதற்கு?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கைப்பேசியில் புயல் செய்தி விரைவாக வருகிறது. போன ஆண்டின் புயலும் தேதி இல்லாமல் இந்த ஆண்டுச் செய்தியாகச் சேர்ந்தே வருகிறது. வானொலிச் செய்தியில் ‘வானிலை ஆய்வு மையம் தெரிவித்துள்ளது’ என்று சொன்னவர் பெயர் இருக்கும், நாள் இருக்கும், இடம் இருக்கும். முன்பு சொன்ன மூன்று கேள்விகளையும் கைப்பேசிச் செய்தியிடம் கேட்கச் சொல்லுங்கள். எது செய்தி, எது வதந்தி என்று பிள்ளைகளே பிரித்துவிடுவார்கள். ஊடகக் கல்வி என்று தனிப்பாடம் தேவையில்லை.

அறிவியல் ஆசிரியர்களும் இதில் கைகோக்கலாம். பண்பலை அலை ஏறக்குறைய பார்வைக்கு எட்டும் தொலைவு வரைதான் போகும். மத்திய அலையோ உப்பு நீரின் மேல் நிலத்தைவிட அதிகத் தொலைவு செல்லும், ஏனென்றால் கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கொழும்பு வானொலி நம் கரையில் தெளிவாகக் கேட்ட காரணம் அதுதான் என்று சொல்லிப் பாருங்கள். அலைகள் பற்றிய பாடம் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர்க் கதையாகிவிடும்.

இதற்குத் தனி நிதி வேண்டாம். ஒரு சிறிய வானொலிப் பெட்டி அல்லது ஆசிரியரின் கைப்பேசி, ஒரு வரைபடம், வாரத்தில் பத்து நிமிடம் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். ஜூனில் பள்ளி திறந்த சில நாள்களில் படகுகளும் கடலுக்குப் புறப்படும். கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே இந்தப் பயிற்சியைத் தொடங்குங்கள். ஒரு மாணவி வீட்டுக்குப் போய், ‘அப்பா, இன்னைக்கு இடையிடையே 65 சொல்லிருக்காங்க, போகாதீங்க’ என்று சொன்னால், கேட்டல் திறனுக்கு அதைவிடப் பெரிய மதிப்பெண் வேறு இல்லை.