பைக்கு ஒரு விலை



மணி அடித்தவுடன் பேசத் தொடங்குவதே முப்பத்தைந்து ஆண்டுகளாக எனக்குப் பழக்கம். இன்று மணியோசை இல்லை. இந்த அறையிலுள்ள சிவப்பு விளக்கே எனக்குச் சைகை காட்டியது. பேச எடுத்துக்கொண்ட பொருளும் மிகச் சிறியதே. ஐந்து ரூபாயைப் பற்றியது அது. ஐந்து ரூபாய்க்கு இத்தனை நேரமா என்று எண்ணாதீர்கள். பெரிய தொகையைப் பற்றி யாவரும் விழிப்போடு இருப்பர். சிறிய தொகையில்தான் நாம் அயர்ந்துவிடுகிறோம்.

சென்ற ஆண்டு சென்னையில் என் மகன் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். ஒரு மாலைப் பொழுதில், கடுகும் உளுத்தம்பருப்பும் தீர்ந்துவிட்டதாக மருமகள் சொன்னாள். நான் துணிப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேத்தியோ, "தாத்தா, நீங்கள் ஏன் அலைய வேண்டும்?" என்று என்னைத் தடுத்துவிட்டுக் கைப்பேசியை நாலைந்து முறை தொட்டாள். கால் மணி நேரத்தில் ஓர் இளைஞர் வாசலில் வந்து நின்றார். தடித்த காகிதப் பை ஒன்றினுள் இரண்டு சிறு பொட்டலங்கள் இருந்தன. பேத்தி கைப்பேசியில் கணக்கைக் காட்டினாள். கடுகின் விலை, பருப்பின் விலை, கொண்டுவந்து தரும் கூலி ஆகியவற்றின் கீழே, கடைசி வரியில், பைக்கு ஐந்து ரூபாய் என்றிருந்தது.

என் கையிலோ துணிப்பை அப்படியே இருந்தது! கையில் பை வைத்துக்கொண்டே நான் பைக்கு விலை கொடுத்திருந்தேன். கோபம் வந்தது. "தம்பி, நான் பை கேட்டேனா?" என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டேன். "ஐயா, கட்டிய பையைத்தான் எங்கள் கையில் தருகிறார்கள். அந்த ஐந்து ரூபாய் எனக்கு வருவதில்லை" என்று அவர் பணிவாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டை நோக்கி விரைந்தார். குற்றம் செய்யாத மாணவனைப் பெஞ்சின்மேல் ஏற்றிவிட்ட ஆசிரியனைப் போல் நான் நின்றேன்.

அப்பொழுது பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். "பைக்கு விலை வைப்பது நல்லதுதானே தாத்தா? பை குறைந்தால் குப்பையும் குறையும் என்று எங்கள் பாடத்திலேயே இருக்கிறதே!" அவளுக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. அன்று சொல்லாத விடையை இன்று உங்களிடம் சொல்ல முயல்கிறேன்.

நான் சிறுவனாக இருந்த காலத்து விருதுநகரில் மளிகைக் கடைக்குச் செல்பவர் வெறுங்கையோடு செல்வதில்லை. எண்ணெய்க்குத் தூக்கு, அரிசிக்குப் பை, கருப்பட்டிக்கு ஓலைக்கொட்டான் என ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. சில்லறைச் சாமான்களைக் கடைக்காரர் பழைய தாளில் பொட்டலமாக மடித்துச் சணலால் கட்டித் தருவார். பின்னர் பிளாஸ்டிக் பை வந்தது. இலவசமாக வந்தமையால் எவரும் அதைப் போற்றவில்லை; வீட்டுக்கு வந்தவுடன் வீதியில் எறிந்தோம். இன்று கௌசிகா ஆற்றங்கரையில் நடந்து பாருங்கள். சீமைக் கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டு அப்பைகள் காற்றில் படபடப்பதைக் காணலாம். இலவசம் என்று நாம் எண்ணிய பைக்கு ஆறும் ஆடுமாடும் விலை கொடுத்தன.

எனவே பைக்கு விலை வைத்தால் மக்கள் சிந்திப்பர் என்று பல நாடுகள் கருதின. அயர்லாந்து நாடு 2002ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் 15 சென்ட் தீர்வை விதித்தது. அங்கே பைகளின் பயன் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. வசூலான பணம் சுற்றுச்சூழல் நிதிக்குச் சென்றது. இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு அக்டோபரில் பெரிய கடைகளில் பைக்கு 5 பென்ஸ் என விதித்தனர். 2021இல் அதனை 10 பென்சாக உயர்த்தி எல்லாக் கடைகளுக்கும் பொதுவாக்கினர். நம் நாட்டிலும், கடைக்காரர் பிளாஸ்டிக் பையை இலவசமாகத் தரலாகாது என்று 2011ஆம் ஆண்டு விதிகள் கூறின. தமிழ்நாடு மேலும் ஒரு படி சென்று, 2019 சனவரி முதல் நாள்தொட்டுப் பிளாஸ்டிக் கைப்பைகளையே விலக்கிவிட்டது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கமும் தொடங்கியது.

ஆகவே பேத்தி சொன்னதில் பிழையில்லை. ஆனால் விலை எவ்வாறு மனிதனைத் திருத்துகிறது என்பதை நாம் நோக்க வேண்டும். கடையில் நிற்பவரிடம் "பை வேண்டுமா? ஐந்து ரூபாய்" என்று கேட்கிறார்கள். அவர், "வேண்டா, என்னிடம் இருக்கிறது" என்று சொல்லலாம். அல்லது மறந்து வந்ததற்கு நொந்துகொண்டு ஐந்து ரூபாய் கொடுத்து, மறுநாள் மறவாமல் பை கொண்டுவரலாம். அந்த ஐந்து ரூபாய் ஒரு பாடம். வீட்டிலிருந்தே சரக்கை வரவழைப்பவர் தம் பையை எங்கே நீட்டுவார்? 'பை வேண்டா' என்று சொல்ல அவருக்கு வழி இல்லையாயின், அவர் எதைக் கற்பார்? திருந்த வாய்ப்பளிக்காமல் விதிக்கும் அபராதம் தண்டனையும் ஆகாது, பாடமும் ஆகாது. அது வெறும் விலையேற்றமே. இங்கிலாந்தில் சில கடைகள், பை வேண்டா என்று முன்னரே குறித்தவர்க்குச் சரக்குகளைப் பெட்டியில் கொணர்ந்து வாசலில் எடுத்துத் தந்தன. செய்ய மனமிருந்தால் வழியும் உண்டு என்பதற்கு இது சான்று.

சிறு தொகையை வாங்குவதில் ஓர் அறம் உண்டு. அதனை அயல்நாட்டில்தான் கற்க வேண்டும் என்பதில்லை. விருதுநகர் வணிகர்களிடையே 'மகமை' என்னும் வழக்கம் இருந்ததை உங்களில் பலர் கேள்வியுற்றிருப்பீர்கள். விற்கும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கென ஒதுக்குவர். இல்லத்துப் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென எடுத்து வைப்பர். இத்தகைய சிறு துளிகளால் வளர்ந்ததே சத்திரிய வித்தியாசாலை. 1903இல் இவ்வூரில் பிறந்த காமராசர் அப்பள்ளியில் பயின்றவர். பின்னாளில் முதலமைச்சராகி, ஏழைச் சிறுவர்க்குப் பள்ளிக்கூடத்திலே பகலுணவு தந்தவர் அவரே. மகமை எவ்வளவு என்பது யாவருக்கும் தெரியும். எதற்கு என்பதும் தெரியும். அதனால் எழுந்த கட்டடமும் கண்ணெதிரே நின்றது. ஆகவே அதனை எவரும் சுமையென்று எண்ணவில்லை.

இன்னொரு சான்று சிவகாசியிலிருந்து தருகிறேன். பதினான்கு ஆண்டுகளாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் முதல் நாள் இரண்டு ரூபாய் ஆயிற்று. விலை இரு மடங்கு! ஆயினும் தொழில் அமைப்புகள் சிவகாசியில் கூடி, மூலப்பொருள்களின் விலை ஏறிவிட்டதைக் காரணமாகக் காட்டி, ஒரு மாதத்துக்கு முன்னரே நாட்டுக்கு அறிவித்துவிட்டன. பெட்டியில் குச்சிகளையும் கூட்டுவதாகக் கூறின. வாங்குபவர் அறிந்தே வாங்கினர். சொல்லி வாங்கும் ஒரு ரூபாய்க்கும் சொல்லாமல் வாங்கும் ஒரு ரூபாய்க்கும் உள்ள வேற்றுமை இதுவேயாகும்.

சட்டமும் இவ்வேற்றுமையை உணர்ந்திருக்கிறது. சரக்கையெல்லாம் எடுத்து முடித்துப் பணம் செலுத்தும் இடத்துக்கு வந்த பின்னர், முன்னறிவிப்பின்றிப் பைக்கு விலை கேட்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த மின்வணிக விதிகள், எல்லாக் கட்டணங்களையும் பிரித்துக் காட்டி மொத்த விலையைத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. வாங்குபவரின் இசைவின்றிக் கூடையில் ஒரு பொருளைச் சேர்ப்பதையும், விலையைச் சிறிது சிறிதாக வெளியிட்டுக் கடைசியில் கூட்டிக் காட்டுவதையும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள் ஏமாற்று முறைகள் எனக் குறிக்கின்றன.

மாணவர்களே! நாளை நாட்டின் சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் நீங்களே. ஒரு சிறு கட்டணத்தைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இது எனக்கு முன்னரே சொல்லப்பட்டதா? இதைத் தவிர்க்க எனக்கு வழி உண்டா? இந்தப் பணம் எங்கே செல்கிறது? மூன்றுக்கும் நேரான விடை கிடைத்தால், ஐந்து ரூபாயன்று, பத்து ரூபாயும் மகிழ்வோடு கொடுங்கள். விடை இல்லையேல் பணிவோடும் உறுதியோடும் எழுதிக் கேளுங்கள். நாளை நீங்களே கடை நடத்தினால், பிறர் கேட்குமுன் இம்மூன்றுக்கும் விடையைப் பலகையில் எழுதி வையுங்கள். அந்நிறுவனத்துக்கு நானும் பேத்தியும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். 'பை வேண்டா' என்று குறிக்க ஓர் இடம் தாருங்கள் என்பதே அதன் சாரம். வாசகத்தை அவளே அமைத்தாள். ஒற்றுப்பிழைகளை மட்டும் நான் திருத்தினேன்.

கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதோடு, கேட்கத் தகாதவரிடம் கேளாமலிருப்பதும் அறமாகும். கட்டணத்தை விதித்தவர் எங்கோ இருக்க, வாசலில் வந்து நின்ற இளைஞரிடம் நான் சினந்தேன். அவரை மறுபடி நான் காணவில்லை. வேலைக்கு நடுவே எங்கேனும் இவ்வொலிபரப்பு அவர் செவியில் விழுமாயின், தம்பி, அன்று நான் பேசியது தவறு, பொறுத்துக்கொள்க.