திரும்பும் வண்டிக்குச் சரக்கு

ஒரே ஒரு லாரியை வைத்துத் தொழில் நடத்துபவன் நான். ஊர், காரைக்காலைச் சேர்ந்த தலத்தெரு. கிழக்கே கடல், வேறு எத்திசையில் வண்டியைச் செலுத்தினாலும் சற்று நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இச்சிறு நிலம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஓர் அங்கம். தேசப்படத்தில் மாணவர்கள் காணும் அந்த எல்லைக்கோடு எங்கள் வரவு செலவுக் கணக்கிலும் குறுக்கிடுகிறது.

வாஞ்சூரில் 2009-இல் தொடங்கிய துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது. அதை அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளுக்குக் கொண்டுசெல்வதாக வைத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்கிறேன்: போக வர 250 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 40 ரூபாய் வீதம் செலவு 10,000. வாடகை 10,500. வெறும் வண்டியாகத் திரும்பினால் மிச்சம் 500 ரூபாய்தான். திரும்புகையில் சிமெண்டு மூட்டை கிடைத்தால் வாடகை 5,000. தரகு, ஏற்றுகூலி, கூடுதல் டீசல் 1,500 போக 3,500 மிஞ்சும். போகும் வாடகையில் பாதிக்கும் குறைவாக ஏன் இசைகிறீர்கள் என்று கேட்பீர்கள். வண்டி எப்படியும் ஊர் திரும்பியாக வேண்டுமே!

ஆனால் காத்திருப்பதற்கும் விலை உண்டு. கடன் தவணை, காப்பீடு, ஓட்டுநர் படி யாவும் சேர்ந்து நாளொன்றுக்கு 2,500 என்றால், ஒரு நாள் காத்திருந்து ஏற்றினால் அந்த 3,500-இல் 1,000 எஞ்சும். இரண்டு நாளானால் 1,500 கைநட்டம். நானே ஒருமுறை, "இதோ வந்துவிடும்" என்ற தரகர் சொல்லை நம்பி மூன்று நாள் கிடந்தேன். நான்காம் நாள் வெறும் வண்டியோடு திரும்பினேன். நிலக்கரி ஏற்றிய தளத்தைக் கழுவி நன்கு உலர்த்த வேண்டியதும் உண்டு. ஈரம் பட்டால் சிமெண்டு கட்டிப்போகும்.

"கும்பகோணத்துக்குச் சரக்கு இருக்கிறது, ஏற்றிக்கொள்ளுங்கள்" என்பார் தரகர். கும்பகோணம் வழியில்தான் இருக்கிறது. எனினும் ஏற்றலாகாது. தேசிய பெர்மிட்டில் ஓடும் வண்டி, தன் மாநிலமல்லாத வேறொரு மாநிலத்துக்குள்ளேயே ஓர் ஊரில் ஏற்றி மற்றோர் ஊரில் இறக்குவதை விதி தடுக்கிறது. தமிழ்நாட்டில் பதிவான வண்டி தாராளமாக ஏற்றிச் செல்லும், எங்கள் பி.ஒய். 02 வண்டி பார்த்துக்கொண்டு நிற்கும்.

இது வெகுநாள் எனக்குக் குறையாகவே பட்டது. பிறகுதான் ஒன்று புலனாயிற்று. அரியலூரில் ஏற்றுவது காரைக்காலில்தான் இறங்கவேண்டும் என்றால், அதை வேண்டுகிறவரும் காரைக்காலில்தானே இருப்பார்! அரியலூரில் தரகரைத் தேடுவானேன்? இப்போது நிலக்கரி ஏற்றுவதற்கு முன்தினமே இங்குள்ள சிமெண்டு வியாபாரிகளிடம் செல்கிறேன். "நாளை மறுநாள் என் வண்டி திரும்புகிறது, எத்தனை மூட்டை வேண்டும்?" என்று கேட்கிறேன். சிலர் வேண்டாம் என்பார்கள். ஒருவராவது இருநூறு மூட்டை என்பார். மற்றொருவர் நூறு என்பார். அவர்கள் ஆலைக்குச் சொல்லிவிட்ட பிறகுதான் என் வண்டி வாஞ்சூருக்குப் புறப்படும்.