நண்டா உடைத்தது கரையை?

(உழவர் பிரிவுப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2ஆம் நாள் இரவு, மராட்டிய மாநிலம் இரத்தினகிரி மாவட்டத்தில், திவரே என்னும் சிற்றூரில் ஒரு சிறிய மண் அணை உடைந்தது. பெருமழையால் நிரம்பியிருந்த நீர் முழுவதும் கீழே இருந்த குடியிருப்பின்மீது பாய்ந்தது. வீடுகள் போயின, உறங்கப் போன மக்கள் போயினர். குறைந்தது 19 பேர் மாண்டனர். கரையில் கசிவு இருக்கிறது, கவனியுங்கள் என்று அவ்வூரார் முன்னரே முறையிட்டிருந்தனர்!

பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த நாளிலேயே, அம்மாநில அமைச்சர் ஒருவர் அணை உடைந்ததற்குக் காரணம் கண்டுபிடித்துச் சொன்னார். என்ன காரணம்? நண்டு! நண்டுகள் கரையைத் துளைத்துவிட்டனவாம். நாடு நகைத்தது. எதிர்க்கட்சியினர் நண்டுகளை ஏந்திக் காவல் நிலையம் சென்று, இவற்றைக் கைது செய்யுங்கள் என்று போராடினர்.

தோழர்களே, நான் நகைக்க வரவில்லை. நண்டு கரையைத் துளைக்கும் என்பது நம் உழவர் அனைவரும் அறிந்ததே. நண்டு இன்று பிறந்ததன்று. கரை கட்டத் தொடங்கிய நாள் முதலாக நண்டும் இருக்கிறது, எலியும் இருக்கிறது. நான் கேட்பது வேறு. நண்டு துளைத்தது என்றால், அந்தத் துளையைக் காண வேண்டியவர் யார்? கண்டு சொன்னவரின் சொல்லைக் கேட்க வேண்டியவர் யார்? நண்டுக்கு ஊதியம் இல்லை, பொறுப்பும் இல்லை. ஊதியமும் பொறுப்பும் உடையவர் எங்கே போயினர்?

திவரே எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. ஏரிக்கரை என்று நாம் அழைப்பது என்ன? மண்ணைக் குவித்துக் கட்டிய அணையே அது! மேட்டூரை அணை என்கிறோம். நம் ஊர்க் கரையை மேடு என்று எண்ணி, அதன்மேல் மாடு ஓட்டிச் செல்கிறோம். பெயர் சிறிது, தேங்கி நிற்கும் நீரின் வலிமை சிறிதன்று.

மண் அணை எப்படி உடைகிறது? உலகெங்கும் உடைந்த மண் அணைகளின் வரலாற்றை ஆய்ந்த பொறியாளர்கள், ஏறத்தாழப் பாதி அணைகள் நீர் மேலே ஏறி வழிந்ததால் உடைந்தன என்பர். ஏறத்தாழ மறுபாதி உள்ளே அரித்ததால் உடைந்தன என்பர். கரை சரிந்து உடைந்தவை சிலவே.

கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டிய அணையின்மேல் நீர் வழிந்தால் ஒருவேளை தாங்கும், மண் தாங்காது. வழியும் நீர் வெளிச்சரிவை அறுத்து, கரையின் முதுகையே முறித்துவிடும். திண்டுக்கல் பகுதியில் குடகனாறு அணைக்கு 1977இல் நேர்ந்தது அதுவே. வெள்ளம் வந்த வேளையில் மின்சாரம் அற்றது. அடைப்புப் பலகைகளை முழுமையாகத் தூக்க இயலவில்லை. கையால் தூக்கப் பாடுபட்டும் பயனில்லை. நீர் கரைமேல் ஏறிற்று. பல இடங்களில் கரையைப் பிளந்தது.

உள்ளரிப்போ, ஓசையின்றி வரும். எந்த மண் கரையும் சிறிது கசியும், கசிவு குற்றமன்று. தெளிந்த நீராகக் கசிந்து, நீர்மட்டம் மாறாதபோது கசிவின் அளவும் மாறாதிருந்தால் பேரச்சம் இல்லை. அதே நீர் கலங்கி வந்தால், மண்ணின் நிறத்தோடு வந்தால், கரை தன் சதையை இழக்கிறது என்று பொருள். நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் மக்கிய வேர், மதகை ஒட்டிய இடுக்கு, இவற்றில் ஏதேனும் ஒன்றில் அது தொடங்கும். துளை உள்நோக்கி வளர்ந்து ஏரி நீரைத் தொட்டுவிட்டால், அதன்பின் எஞ்சியிருப்பது சில மணி நேரமே.

அப்படியானால் தடுக்கவே முடியாதா? முடியும் என்பதற்குச் சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில், தார் மாவட்டத்தில், காரம் ஆற்றின் குறுக்கே கட்டி முடியாதிருந்த மண் அணையில் 2022 ஆகஸ்டுத் திங்களில் கசிவு கண்டனர். பணியில் குறை இருந்தது; பின்னர்ப் பொறியாளர்கள் பலர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஆயினும், கசிவைக் கண்டவுடன் 18 ஊர்களின் மக்களை வெளியேற்றினர். பக்கத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்தனர். உயிர் ஒன்றும் போகவில்லை! திவரேயிலும் கசிவு, காரத்திலும் கசிவு. அங்கே சொல் கேட்கப்படவில்லை. இங்கே கசிவைக் கண்டதும் கை அசைந்தது. சாவுக்கும் வாழ்வுக்கும் இடையே இருந்தது அதுதான்.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 2021இல் நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அது மாநில உரிமையைத் தொடும் விதம் பற்றி நமக்குள்ள வாதம் வேறு. அதை வேறொரு நாள் பேசுவோம். அச்சட்டம் அணைக்குச் செய்யச் சொல்வது என்ன? பருவமழைக்கு முன் ஒரு சோதனை, பின் ஒரு சோதனை, அளவு காட்டும் கருவிகள், ஆபத்துக் காலத்துக்கான திட்டம். நல்லவையே! ஆனால் எந்த அணைக்கு? 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைக்கு. 10 முதல் 15 மீட்டர் வரையுள்ள அணைக்கு, நீளம், கொள்ளளவு முதலிய சில நிபந்தனைகளின்படி. அதற்குக் கீழே உள்ள கரைகளை அச்சட்டம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நம் ஊர் ஏரிகளில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பவை. அவற்றிலும், 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடையவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. ஏரி ஒன்றியத்துக்கு வந்தது. ஏரியைக் காக்கும் ஆளும் பொருளும் அதனோடு வந்தனவா?

தோழர்களே! கரை உடைந்தால் சாவது யார்? கரைக்கு வெளிப்புறம், தாழ்ந்த நிலத்தில், ஊர் ஒதுக்கிய இடத்தில் குடிசை கட்டி வாழும் ஏழை. ஏரி நீர் பாயும் நன்செய் ஒருவருக்கு. ஏரி உடைந்து பாயும் நீர் இன்னொருவர் வீட்டுக்கு! இதைவிடக் கொடிய பங்கீடு உண்டா?

பழம்பெருமை பேசுவோர் உத்திரமேரூரைக் காட்டுவர். பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் இருக்கிறது. மெய்தான், ஏரிக்கென்று தனி வாரியம் வைத்த அறிவைப் போற்றுவோம். ஆனால், அதில் இடம்பெறக் கால் வேலி நிலமேனும் வேண்டும் என்பதும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது. இரவில் விளக்கேந்திக் கரையைச் சுற்றி வந்தவனும், உயிரைப் பணயம் வைத்து மடைக்குள் மூழ்கித் திறந்தவனும் நீர்க்கட்டி. பெரும்பாலும் அவன் நிலமற்றவன், ஒடுக்கப்பட்டவன். அவன் அறிவை ஊர் வாங்கிக்கொண்டது. அவனுக்கு உரிமை தரவில்லை. அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கண் வேண்டும்; அதற்கு முறையான ஊதியமும் மதிப்பும் வேண்டும் என்கிறேன்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. உயரம் எதுவாயினும், கீழே குடியிருப்பு உள்ள ஒவ்வொரு கரையும் பட்டியலில் ஏற வேண்டும். பருவமழைக்கு முன்னும் பின்னும் பொறியாளர் நேரில் வந்து கரை முழுதும் நடக்க வேண்டும். ஊருக்கு ஒரு கரைக்காவலர், ஊதியத்தோடு வேண்டும். நள்ளிரவானாலும் எச்சரிக்கை ஒவ்வொரு குடிசைக்கும் எட்டும் ஏற்பாடு வேண்டும்.

அரசு செய்யும் வரை நாம் கைகட்டி இருக்கலாமா? கூடாது. ஒவ்வொரு கிளையும், ஏரி நிரம்பியிருக்கும் நாளெல்லாம் இருவரைக் கரைக்கு அனுப்பட்டும். மேலே நடந்தால் போதாது; வெளிப்புற அடிவாரத்திலும் நடக்க வேண்டும், கசிவு தெரிவது அங்கேதான். கரைமேல் தாழ்ந்த இடம் உண்டா, பிளவு உண்டா, மரம் முளைத்திருக்கிறதா, கலங்கல் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் நீரைத் தேக்க ஆசைப்பட்டுக் கலங்கல்மேல் மணல் மூட்டை அடுக்குவோர் நம்மவராயினும் தடுங்கள்! கசியும் நீரை ஒரு வாய்க்காலில் கூட்டி, வி வடிவில் வெட்டிய பலகையை அதன் குறுக்கே நிறுத்துங்கள். வழியும் நீரின் உயரத்தையும் ஏரியின் நீர்மட்டத்தையும் நாள்தோறும் எழுதுங்கள். கலங்கிய ஊற்றைக் கண்டால் களிமண்ணால் அதன் வாயை அடைக்காதீர்கள். அடைத்த நீர் வேறு வழி தேடும். முதலில் கீழே உள்ள மக்களை எழுப்புங்கள், அதிகாரிக்குச் சொல்லுங்கள், மணலும் சரளையும் இட்டு, நீர் வெளியேறவும் மண் தங்கவும் வழி செய்யுங்கள்.

இறுதியாக ஒன்று. அந்த ஏட்டைப் பத்திரமாக வையுங்கள். எந்த நாளில் கசிவைக் கண்டோம், யாரிடம் சொன்னோம், அவர் என்ன செய்தார் என்பது அதில் இருக்கட்டும். நாளை எவரேனும் நண்டைக் கைகாட்டித் தப்பப் பார்த்தால், நம் கையில் அந்த ஏடு இருக்க வேண்டும். அந்த ஏட்டின் வேலை அதற்கும் முன்னரே முடிந்துவிட வேண்டும் என்பதே என் விருப்பம்; கரை நிலைத்து, மக்கள் அச்சமின்றி உறங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.