திடலுக்கு மென்பொருள் வாங்கும் மாமன்றம்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டு வாசலிலேயே ஒரு தோழர் சிரித்தார். "போன மாதம் ஆணவக் கொலை பற்றிப் பேசிய மேடையில் இந்த மாதம் ஆப் பற்றிப் பேசப் போகிறீர்களா அண்ணா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் மென்பொருள் சோதனை வேலை பார்க்கிறவன். அதில் சில ஆண்டுகள் அமெரிக்க நகராட்சிகள் வாங்கும் முன்பதிவு மென்பொருள்களில் கழிந்தன. நீச்சல் குளம், டென்னிஸ் களம், கால்பந்துத் திடல் என எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கித் தரும் மென்பொருள்கள் அவை. அந்த வேலையில் பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை ஆறுக்கு ஒன்று என்ற வாக்கில் நிறைவேற்றியது. க்ஷமா சாவந்த் கொண்டுவந்த சட்டம். மன்றத்துக்குள் கூட்டம், வெளியே கூட்டம், உலகம் முழுக்கச் செய்தி. நாமும் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஒரு நகர மன்றத்தின் பெரும்பாலான முடிவுகள் இப்படிக் கூட்டம் கூட்டி எடுக்கப்படுவதில்லை. அங்கே 'கன்சென்ட் காலண்டர்' என்று ஒரு பட்டியல் உண்டு. வழக்கமான செலவு, ஒப்பந்தப் புதுப்பிப்பு, குழாய் மாற்றுவது, வண்டி வாங்குவது எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு, விவாதம் இல்லாமல், ஒரே கையொலியில் முடித்துவிடுவார்கள். யாராவது ஓர் உறுப்பினர் "இந்தப் பொருளைத் தனியாக எடுங்கள்" என்று கேட்டால்தான் அது பற்றிப் பேச்சே வரும். நம் மன்றங்களில் "ஆல் பாஸ்" என்று முடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பூங்கா – பொழுதுபோக்குத் துறைக்குப் புது மென்பொருள் வாங்கும் கோப்பு பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் வரும். பழைய மென்பொருளைச் செய்த நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்டது, புதியது வேண்டும், இத்தனை ஆண்டு ஒப்பந்தம், இவ்வளவு தொகை என்று இரண்டு பக்கக் குறிப்பு. சில நிறுவனங்கள் நகராட்சியிடம் பெரிய தொகை கேட்பதும் இல்லை. ஒவ்வொரு பதிவிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பட்ஜெட்டில் செலவு தெரியாது, பதிவு செய்கிறவர் பையில் தெரியும். இதை எந்தக் கவுன்சிலர் எதிர்ப்பார்? எதற்காக எதிர்க்க வேண்டும்?

அந்தக் குறிப்பில் எழுதாமல் விடப்படுவது ஒன்று உண்டு. மென்பொருளை நிறுவும்போது அதிகாரி ஒருவர் ஏறக்குறைய ஐம்பது கட்டங்களை நிரப்புவார். எத்தனை நாள் முன்னதாகப் பதிவு செய்யலாம்? காலை எத்தனை மணிக்குப் பதிவு திறக்கும்? கார்டு கட்டாயமா, பணம் கட்டலாமா? முகவரிச் சான்று வேண்டுமா? முன்வைப்புத் தொகை எவ்வளவு? ஒரு குழு வாரத்துக்கு எத்தனை முறை பதிவு செய்யலாம்? பதிவே இல்லாமல் யார் வேண்டுமானாலும் வந்து விளையாடலாம் என்று எந்த நேரத்தையாவது விட்டுவைக்க வேண்டுமா? ஒரு திடலில் யார் ஆடுவார், யார் வேலிக்கு வெளியே நிற்பார் என்பது இந்தக் கட்டங்களில் முடிவாகிறது. மன்றத்தில் கை தூக்கியவர் எவரும் இவற்றைப் பார்த்திருக்க மாட்டார். நிரப்பும் அதிகாரியும் கெட்டவர் இல்லை. போன மென்பொருளில் என்ன இருந்ததோ, நிறுவனத்தின் மாதிரிப் படிவத்தில் என்ன இருக்கிறதோ, அதைப் போட்டுவிட்டு மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போவார்.

இதற்கு ஊரறிந்த ஓர் எடுத்துக்காட்டு சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. மிஷன் என்பது லத்தீன் அமெரிக்க உழைக்கும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. அங்கே ஒரு சிறு கால்பந்துத் திடல். அதைப் புதுப்பித்துச் செயற்கைப் புல்தரை போட்டார்கள். அதற்கு முன்பிருந்தே அங்கே ஒரு வழக்கம் உண்டு: பக்கத்துக்கு ஏழு பேர், ஜெயிக்கிற அணி களத்தில் நிற்கும், தோற்ற அணி வெளியேறும், காத்திருக்கும் அடுத்த அணி உள்ளே வரும். யார் வந்தாலும் இடம் உண்டு, காசு கிடையாது. நம் தெருக் கிரிக்கெட்டுக்கும் இதே சட்டம்தான். புதுப்பித்த பிறகு மாலை நேரங்கள் சிலவற்றைப் பெரியவர்கள் மணிக்கு 27 டாலர் கட்டி முன்பதிவு செய்யலாம் என்று துறை வைத்தது. 2014இல் ஒரு மாலை, தொழில்நுட்ப நிறுவன ஊழியர்கள் சிலர், நிறுவனப் பெயர் போட்ட சட்டையோடு, அனுமதிச் சீட்டைக் காட்டி அங்கே ஆடிக்கொண்டிருந்த பையன்களை வெளியேறச் சொன்னார்கள். பையன்கள் மறுத்தார்கள், தங்கள் ஆட்டமுறையை விளக்கினார்கள். யாரோ அதைப் படம் பிடித்தார்கள், அது ஊர் முழுக்கப் பரவியது.

அந்தக் காணொளியில் என்னை உறுத்துவது வந்தவர்களின் திமிர் கூட இல்லை. அவர்கள் கையில் சீட்டு இருந்தது. சட்டப்படி அவர்கள் செய்தது சரி. அந்தப் பையன்கள் கையில் இருந்தது பல வருட வழக்கம் மட்டும்தான், அதைப் போட மென்பொருளில் கட்டம் கிடையாது.

பையன்களும் பகுதி மக்களும் நகர மன்றக் கட்டடத்துக்குப் போய் நின்றார்கள். சில நாளில் அந்தத் திடலில் பெரியவர்களுக்கான முன்பதிவையே துறை நிறுத்தியது. மென்பொருளைத் தூக்கி எறியவில்லை, புதிதாக எதையும் வாங்கவுமில்லை. ஒரு விதியை மாற்றினார்கள், அவ்வளவுதான். இந்த மாதிரி ஒரு மாற்றத்துக்கு ஒரு குமாஸ்தாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிடம்.

அந்த நாட்டுக்கு இந்த விஷயத்தில் நீண்ட வரலாறு உண்டு. அலபாமாவின் மான்ட்கோமரியில் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக விளையாடுவதையே 1957இல் நகரச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். கறுப்பின மக்கள் வழக்குப் போட்டதும், நீதிமன்றம் எங்கே திறக்கச் சொல்லிவிடுமோ என்று 1959 தொடக்கத்தில் நகரப் பூங்காக்கள் அத்தனையையும் மூடினார்கள். உயிரியல் பூங்காவின் விலங்குகளை விற்றார்கள், நீச்சல் குளங்களை மண் போட்டு மூடினார்கள். வெள்ளைப் பிள்ளைகளின் விளையாட்டைத் தனியார் அமைப்பு ஒன்று ஏற்று நடத்தியது. ஏறக்குறைய ஆறு ஆண்டு மூடியே கிடந்தன. பொதுவாக இருப்பதைவிட இல்லாமலே போகட்டும் என்கிற மனநிலை. இது நமக்கும் தெரிந்த மனநிலைதான்.

மகாத் நினைவுக்கு வராமல் இருக்குமா? பம்பாய் சட்ட மன்றம் 1923இல் போலே தீர்மானத்தை நிறைவேற்றியது. அதையொட்டி மகாத் நகராட்சி 1924இல் சௌதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தாளில் குளம் திறந்துவிட்டது. ஆனாலும் நம் மக்கள் அதில் தண்ணீர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் போய் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதே நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. வழக்கு இழுத்து இழுத்து, நமக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது 1937இல்.

மகாத்தில் தீர்மானத்தில் உரிமை இருந்தது, குளக்கரையில் இல்லை. மென்பொருள் கோப்பில் இது தலைகீழ். தீர்மானத்தில் உரிமை பற்றி ஒரு சொல்லும் இருக்காது, திடலில்தான் அது பறிபோகும். அதனால்தான் இந்த வகைக் கோப்பு நம் கண்ணில் படுவதே இல்லை.

இனி சென்னைக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் மாநகராட்சி மன்றம் செயற்கைப் புல்தரை போட்ட ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய். வியாசர்பாடிப் பக்கம் கால்பந்து என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பேர் ஒரு மணி நேரம் ஆடினால் 1,200 ரூபாய். மூட்டை தூக்குகிறவர் வீட்டுப் பையன் தினமும் இதை எங்கிருந்து கொண்டுவருவான்? எதிர்ப்பு கிளம்பியது, கட்சிகள் பேசின, ஓரிரு நாளில் மேயர் தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நல்லது. ஆனால் யோசித்துப் பாருங்கள், நாம் ஏன் கவனித்தோம்? 120 என்ற எண் வெளியே தெரிந்தது, தனியார் என்ற சொல் வெளியே தெரிந்தது. அந்த இரண்டும் இல்லாமல், "விளையாட்டுத் திடல்களுக்கு இணையவழி முன்பதிவு வசதி" என்று ஒரு பொருள் வந்திருந்தால்? கைதட்டியிருப்போம். கட்டணம் பூஜ்யம் என்று வைத்து, கார்டும் கடவுச்சொல்லும் இரண்டு வாரம் முன்னதாகக் காலை எட்டு மணிக்குக் கைபேசியோடு உட்காரும் வசதியும் கேட்டிருந்தால், அதே பையன்கள்தான் வெளியே நின்றிருப்பார்கள். யாரும் அவர்களை வெளியேற்றியதாகக் கூடத் தெரிந்திருக்காது.

காசு இருப்பவனுக்கே இது ஒழுங்காக வேலை செய்வதில்லை என்பது தனிக் கதை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் கோல்ஃப் மைதானங்களில் பதிவு திறந்த நொடியில் இடைத்தரகர்கள் அள்ளிக்கொண்டு வெளியே விற்றார்கள். 2024இல் பத்து டாலர் முன்வைப்புத் தொகை வைத்துப் பார்த்தது நகரம். தட்கல் டிக்கெட் எடுத்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை.

இங்கே ஒரு எதிர்வாதத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த உரையை வீட்டில் பேசிப் பார்த்தபோது என் தங்கை கேட்டாள்: "அண்ணா, கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் என் முகத்தையும் பேச்சையும் ஊர்ப்பெயரையும் பார்த்து 'ஹால் காலி இல்லை' என்பான். கம்ப்யூட்டர் அதைச் செய்யாது இல்லையா?" அவள் சொல்வது முழு உண்மை. சமுதாயக் கூடம் நம்மவர் கல்யாணத்துக்கு மட்டும் எப்போதும் நிரம்பியிருக்கும் ஊர்கள் எத்தனை! அங்கே எந்தத் தேதி காலி என்பதை ஊரே பார்க்கும்படி திரையில் காட்டும் மென்பொருள் ஒரு ஆயுதம். காலியாக இருந்தும் மறுத்தான் என்பதற்கு அதுவே சாட்சி. அதனால் நான் மென்பொருளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கூடத்துக்கு வேண்டும் என்பேன். பிள்ளைகள் ஓடியாடும் திடலுக்கு, மாலை நேரத்தில், வேண்டவே வேண்டாம் என்பேன். இரண்டுக்கும் ஒரே மென்பொருளை ஒரே விதியோடு வாங்குவதுதான் வழக்கம், அங்கேதான் சிக்கல்.

என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சோதனை வேலையில் ஒவ்வொரு சூழலையும் எழுதி, மென்பொருள் எதிர்பார்த்தபடி நடந்தால் பச்சை டிக் போடுவோம். "கார்டு இல்லாதவர் பதிவு செய்ய முயல்கிறார். எதிர்பார்ப்பது: பிழைச் செய்தி காட்ட வேண்டும்." காட்டியது. டிக். இப்படி எத்தனை டிக் போட்டிருப்பேனோ கணக்கில்லை. மிஷன் காணொளியைப் பல வருடம் கழித்துப் பார்த்தபோதுதான், அந்தப் பிழைச் செய்திக்கு எதிரே ஒரு பையன் பந்தோடு நின்றிருப்பான் என்று உறைத்தது.

சரி, நாம் என்ன கேட்பது? மன்றக் கூட்டத்துக்கான பொருள் பட்டியலில் பூங்கா, திடல், உடற்பயிற்சிக் கூடம், சமுதாயக் கூடம் என்று எது வந்தாலும் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்குவோம். வாங்கும் மென்பொருளின் விதிகள் மன்றத்தின் முன் வைக்கப்பட்டனவா, அல்லது அதிகாரி பிறகு நிரப்பிக்கொள்வாரா? பதிவு இல்லாமல் விளையாடும் நேரம் எவ்வளவு, அதை மாற்ற மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? கைபேசி இல்லாதவர் நேரில் வந்து அதே இடத்தை அதே நேரத்தில் பெற முடியுமா? யார் எத்தனை முறை பெற்றார்கள் என்ற பட்டியல் மாதாமாதம் வெளிவருமா? தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, மனு எழுத நான் உதவுகிறேன்.

வரும் ஞாயிறு காலை நம் வார்டு கவுன்சிலரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறோம். திடலில் ஆடும் பையன்கள் நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வர முடிந்தவர்கள் பின்னால் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.