காஷ்மீரத்து இடையரைக் கேட்டவர் யார்?

காஷ்மீர் யாருக்குரியது என்ற வழக்கு 1947ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்று வருகின்றது. இந்தியாவும் பாகிஸ்தானும் பேசின. ஐக்கிய நாடுகள் சபையும் பேசியது. அம்மலைகளிலே ஆடும் எருமையும் மேய்த்து வாழும் பக்கர்வால், குஜ்ஜர் மக்களை எவரேனும் கேட்டதுண்டா? அவர்களைப் பற்றியே நாம் இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

பக்கர்வால் மக்களுக்கு வாழ்வு என்பது வேலியடைத்த காணியன்று. நடந்து செல்லும் வழியாகும். மாரியிலே ஜம்முவின் தாழ்ந்த குன்றுகளில் தங்குவர். பனி உருகத் தொடங்கியதும் மந்தைகள், குதிரைகள், குழந்தைகள் சகிதம் பீர் பஞ்சால் மலைத்தொடரைக் கடந்து, வாரக்கணக்காக நடந்து, உயர்ந்த புல்வெளிகளை அடைவர். குளிர் வருமுன் மீள்வர். இவர்களுடைய வழிகளுக்குக் குறுக்கேதான் 1949இல் போர்நிறுத்தக் கோடு கீறப்பட்டது. 1972இல் சிம்லா உடன்படிக்கையின் பின் அது கட்டுப்பாட்டுக் கோடு எனப் பெயர் மாறிற்று. பெயர் மாறினாலென்ன? அப்பால் அகப்பட்ட உறவினரும் மேய்ச்சல் நிலமும் அப்பாலேயே நின்றுவிட்டனவே!

2004இல் இந்தியா முள்வேலி அமைத்து முடித்தது. அவ்வேலி கோட்டின்மேல் நிற்கவில்லை. இந்தியப் பக்கத்திலே உள்வாங்கி நிற்கின்றது. ஆகவே சில கிராமங்கள் வேலிக்கும் கோட்டுக்கும் நடுவே அகப்பட்டன. படையினர் வாயிலைத் திறக்கும் வேளையிலே, அடையாளச் சீட்டைக் காட்டியே அவ்வூரவர் தம் சொந்த வீட்டுக்குப் போய்வரல் வேண்டும். புல்லைத் தேடிச் செல்லும் ஆட்டுக்குக் கண்ணிவெடி புதைத்த இடம் தெரியுமா? 2025 மே மாதத்திலும் பூஞ்ச் பகுதியிலே எறிகணைகள் வீழ்ந்து குடிமக்கள் மாண்டனர்.

1965 ஆகஸ்டிலே ஊடுருவியோரைக் கண்டு முதலில் அறிவித்தவர்களுள் ஒரு குஜ்ஜர் இடையரும் இருந்தார். இருந்தும், காட்டுவழியே நடப்பவன் என்பதனால் இடையன்மீது விழும் ஐயப்பார்வை நீங்கவில்லை.

சட்டம் என்ன செய்தது? 1991இல் இவர்கள் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்கப்பட்டனர். ஆனால், இந்தியப் பாராளுமன்றம் 2006இல் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம் 2019 வரை ஜம்மு-காஷ்மீருக்கு எட்டவில்லை. எட்டிய பின்னரும், 2020 நவம்பரில் பஹல்காம் காட்டுப்புறத்திலே இவர்தம் மண்குடில்கள் இடிக்கப்பட்டன!

2024ஆம் ஆண்டுத் தேர்தலிலே, சட்டசபையில் முதன்முறையாகப் பழங்குடியினருக்கென ஒன்பது ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்வாசனங்களைப் பெற்றோர் பதவியையும் மோட்டார் வண்டியையும் கேட்குமுன், தம் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழிக்கும் மேய்த்த புல்வெளிக்கும் எழுத்திலே உரிமை கேட்கட்டும். வேலிக்கு அப்பாலுள்ள வீட்டுக்கு நோயாளியை இரவிலும் கொண்டுபோய்வர வாயில் திறக்குமாறு கேட்கட்டும்.