பள்ளத்து வீட்டாருக்கும் நீதி வேண்டும்



மாரியிலே வெள்ளம், கோடையிலே கிணற்று வறட்சி. இவ்விரண்டும் ஒரே பிழையின் பிள்ளைகள். சீமெந்து வாய்க்கால் மழைநீரை விரைந்து துரத்துகிறது. மேட்டு வீட்டார் துரத்திய நீர் பள்ளத்து ஏழையின் அடுக்களையிற் புகுகிறது. இது நீதியாமோ?

கந்தளாயிலே தேக்கிய நீரைத் தம்பலகாமம் வயல்களுக்குப் பகிர்ந்தளித்த அறிவு நம் மாவட்டத்தின் முதுசொம். அவ்வறிவை வீதிக்கும் கொணர்வோம்.

சீனன்குடாவிற் காணி பிரிக்குமுன் நீரோடும் பள்ளத்தை ஒதுக்குக! வீதியோரம் புல்லடர்ந்த, ஆழமற்ற வாய்க்கால் அமைக்குக! நீர் அங்கே தங்கி மண்ணில் ஊறட்டும். கூரைநீரைச் சேமிக்குக! தமிழ்நாடு 2003இல் கட்டடங்களுக்கெல்லாம் இதனைக் கட்டாயமாக்கிற்று.

மிகுந்த நீர் மட்டுமே கடல் சேரட்டும். பள்ளத்து வீட்டாரும் மாரியில் அச்சமின்றி உறங்கட்டும்!