'நோட்டீஸ்' என்னும் ஒரு சொல்

ஒரே ஆங்கிலச் சொல் இடத்துக்கு இடம் எவ்வாறு பொருள் மாறுகிறது என்பதை இன்று 'நோட்டீஸ்' என்ற சொல்லைக் கொண்டு காண்போம்.

நம் தோட்டங்களில் இச்சொல்லை அறியாதவர் இல்லை. கோயில் திருவிழாவுக்கு நோட்டீசு அடிக்கிறோம். ஆபீசுப் பலகையில் நோட்டீசு ஒட்டுகிறார்கள். ஆகவே நோட்டீசு என்றால் ஒரு தாள் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் இச்சொல் 'அறியப்பட்டது' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அறிதல் என்ற அந்த வேரிலிருந்தே மற்றப் பொருள்கள் கிளைத்தன.

முதற்பொருள் அறிவிப்பு. பலகையில் ஒட்டுவது இதுவே.

இரண்டாவது, கவனித்தல். இங்கே அது வினைச்சொல். பால்மரம் சீவுபவர் ஒரு மரத்தில் பட்டை காய்ந்திருப்பதைப் பார்த்தால், அவர் அதனை 'நோட்டீஸ்' செய்தார் என்பர். 'டேக் நோ நோட்டீஸ்' என்றால் 'பொருட்படுத்தாதே' என்பது கருத்து. அங்கே தாளும் இல்லை, பலகையும் இல்லை.

மூன்றாவது பொருள் முன்னறிவிப்புக் காலம். 'ஷார்ட் நோட்டீஸ்' என்றால் சிறிய தாள் அன்று. போதிய அவகாசம் இல்லாமல் சொல்வது. 'நான்கு வார நோட்டீஸ்' என்பதும் இவ்வகையே. மலாய்க் கடிதத்தில் 'தெம்போ நோட்டிஸ்' என்று வருவது இந்தக் கால அளவைத்தான்.

இம்மூன்றாவது பொருளை நம் குடும்பங்கள் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். நம் நெகிரி செம்பிலானில் நீலாய் போன்ற இடங்களில் இரப்பர் நின்ற நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டம் கைமாறும்போது தொழிலாளியின் கைக்கு வருவது இச்சொல் எழுதிய கடிதம். பிள்ளை படித்துச் சொல்ல, பெரியவர்கள் "ஏதோ நோட்டீசாம்" என்று அலமாரியில் செருகிவிடுவதும் உண்டு. தாள் அலமாரியில் இருக்கும், நாள்களோ ஓடிக்கொண்டிருக்கும்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, வேலையை முடிக்கும் நோட்டீசு எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுத்து மூலம் வேறு கால அளவு குறிக்கப்படாவிட்டால், 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர்க்கு 4 வாரம். 2 முதல் 5 ஆண்டுக்கு உட்பட்டவர்க்கு 6 வாரம். 5 ஆண்டும் அதற்கு மேலும் செய்தவர்க்கு 8 வாரம். தோட்டம் மூடப்படுவதாலோ கைமாறுவதாலோ வேலை போகுமானால், ஒப்பந்தம் எதுவாயினும் இந்த அளவுக்குக் குறைக்க முடியாது. கொடுத்த நாளும் கணக்கில் சேரும். மார்ச்சு 1-இல் கொடுத்த 4 வார நோட்டீசு 28-ஆம் நாளோடு முடியும். வேலையை விட்டு விலகும் தொழிலாளியும் இவ்வாறே நோட்டீசு கொடுக்க வேண்டும்.

நோட்டீசு வேறு, வேலை இழந்தவர்க்குரிய நட்ட ஈடு வேறு என்பதும் நினைவிருக்கட்டும். அதற்கென 1980-ஆம் ஆண்டு விதிகள் தனியே உண்டு.

ஆகவே மாணவர்களே, வீட்டுக்கு வரும் கடிதத்தில் இச்சொல்லைக் கண்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதைப் பற்றிய நோட்டீசு? வேலையைப் பற்றியதா, வீட்டைப் பற்றியதா? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? விடைகளைப் பெற்றோருக்குத் தமிழில் சொல்லுங்கள். பெற்றோர்களே, கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஐயமிருந்தால் சங்கத்திலோ தொழிலாளர் இலாகாவிலோ அன்றைக்கே காட்டுங்கள்.